தஞ்சாவூரில் ஒரே நாள்: பெரிய கோயில், அரண்மனைக் கலைக்கூடம் எந்த வரிசையில்?

முதல்தடவை

வணக்கம். தஞ்சாவூருக்கு முதல் முறை. காலை ஆறு மணிக்கு ஜங்ஷன், இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் ரயில். கையில் சின்னப் பை ஒன்றுதான். தெரிய வேண்டியவை: கோயில் முதலா, மியூசியம் முதலா? அரண்மனைக்குள் ஏகப்பட்ட டிக்கெட் என்கிறார்களே, எது எதற்கு? சரஸ்வதி மகால் நூலகத்துக்குள் வெளியாட்களை விடுவார்களா? நேரம் மிஞ்சினால் தாராசுரம் சேர்க்கலாமா? தல புராணம் வேண்டாம். எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் போதும்.

போதிகை

தாராசுரத்தை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கும்பகோணம் பக்கம் அது, போக வர மூன்று மணி நேரம் விழுங்கும். அதற்குத் தனி நாள் வேண்டும்.

வரிசை: கோயில், கலைக்கூடம், மறுபடி கோயில். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை பெரிய கோயில். பத்து மணிக்கு அரண்மனை. மாலை நாலரைக்குத் திரும்பவும் கோயில். ஜங்ஷனிலிருந்து கோயில் பக்கம்தான், பை சின்னது என்றால் நடந்தே வந்துவிடலாம். கோயிலிலிருந்து அரண்மனையும் ஆட்டோவில் சில நிமிடம்.

மதியத்தில் கோயில் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் பாதம். செருப்பை வாசலிலேயே விட வேண்டும், முற்றமோ பரந்த வெட்டவெளி. பதினொரு மணிக்கு மேல் கல் தகிக்கும். விரிப்பு போட்ட பாதையைத் தாண்டி ஒரு அடி வைக்க முடியாது, வைத்தாலும் பார்வை சிற்பத்தில் நிற்காது. பன்னிரண்டரை வாக்கில் சந்நிதி நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அடுத்த காரணம் வெளிச்சம். கோயில் கிழக்குப் பார்த்தது. காலையில் முகப்பும் மாலையில் விமானத்தின் முதுகும் வெயில் வாங்கும். உச்சி வெயில் மேலிருந்து நேராக இறங்குவதால் சிற்பத்தின் மேடுபள்ளம் தட்டையாகிவிடும்.

பிரதோஷத்தன்று மட்டும் மாலைத் திட்டத்தை மறந்துவிடுங்கள். நந்திக்கு அபிஷேகம், முன்முற்றம் முழுக்கத் தலைகள். ராசராசன் பிறந்த நட்சத்திரமான ஐப்பசி சதயத்தன்றும் அப்படித்தான். அந்த நாட்களில் காலை மட்டும்.

ஏட்டுச்சுவடி

எந்தக் கிழமை என்று எழுதவில்லையே? சரஸ்வதி மகால் புதன்கிழமை விடுமுறை. புதனில் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அரசு விடுமுறையும் அப்படியே.

உள்ளே விடுவார்களா என்றால், அருங்காட்சியகப் பகுதிக்கு யாரும் போகலாம். சுவடிகள் இருக்கும் பகுதி ஆய்வாளர்களுக்கு, அதற்கு முன் அனுமதி வேண்டும். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் இருக்கும் இடத்தில் ஒரு கூடம்தானே காட்டுகிறார்கள் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். முக்கால் மணி நேரத்துக்கு அதில் விஷயம் இருக்கிறது.

நாயக்கர் காலத்தில் தொடங்கிய சேகரம். இன்றைய உருவம் இரண்டாம் சரபோஜி (1798–1832) கொடுத்தது. அவர் வாங்கிக் குவித்ததில் ஐரோப்பிய அச்சுப் படங்களும் உண்டு. சார்ல் லெ பிரன் என்ற பிரெஞ்சு ஓவியர் மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்த வரிசையின் முன் கூட்டம் நிற்கும். கழுகு மூக்குக்காரர் பக்கத்தில் கழுகு. பாருங்கள், ஆனால் அங்கேயே நேரத்தைச் செலவழித்துவிட்டு ஓலையை விட்டுவிடாதீர்கள்.

ஓலையில் கவனிக்க வேண்டியது எழுத்து. எழுத்தாணியால் கீறி, கரி தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். புள்ளி வைத்தால் ஓலை பொத்தலாகும், அதனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எ, ஏ இரண்டுக்கும் ஒரே வடிவம், ஒ, ஓவுக்கும் அதே கதை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் ஒன்றிரண்டு சொல்லைப் பிடித்துவிடலாம். கோயில் கல்வெட்டுக்கும் இதே சாவிதான்.

வார்ப்புமெழுகு

போதிகை சொன்ன வரிசையே என் கருத்தும். ஆனால் முக்கியமான காரணத்தை அவர் சொல்லவில்லை. கலைக்கூடத்தில் இருக்கும் உலோகத் திருமேனிகளுக்கு விளக்க அட்டையில் பெயர், ஊர், நூற்றாண்டு மட்டும்தான். அவற்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்ற விவரக்குறிப்பு பெரிய கோயில் சுவரில் இருக்கிறது! ராசராசனும் அவன் அக்காவும் அரசியரும் அதிகாரிகளும் கோயிலுக்குச் செய்து கொடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளைக் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாக எழுதிவைத்திருக்கின்றன: பாதாதி கேசாந்தம், அதாவது பாதத்திலிருந்து முடி வரை, எத்தனை முழம் எத்தனை விரல், எத்தனை கை, பீடம் எவ்வளவு, கனமாக வார்த்ததா, பொள்ளலாக வார்த்ததா. பொள்ளல் என்றால் உள்கூடு. அந்தச் செம்புகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. பட்டியல் மட்டும் கல்லில் நிற்கிறது.

காலையில் அந்தக் கல்வெட்டைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு (தொடாதீர்கள், பேச்சுக்குச் சொன்னது) பத்து மணிக்குக் கலைக்கூடம் போனால், அதே பட்டியலின் வரிசையில் கண் போகும்: உயரம், கை, பீடம், கனமா பொள்ளலா. கலைக்கூடம் முதலில் என்றால் வெறும் அழகு பார்த்துவிட்டு வெளியே வருவீர்கள்.

முதல்தடவை

இது புதுசு. நன்றி. கிழமை வெள்ளி. சரி, கோயிலில் மூன்று மணி நேரம் எங்கிருந்து தொடங்கி எப்படிச் சுற்ற? விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே, அதைப் பார்க்க எந்த நேரம் நல்லது?

கணக்கர்

நிழல் விழும். காலை எட்டு மணிக்கு விமானத்துக்கு மேற்கே போய் நின்றால் நிழலிலேயே நிற்கலாம்.

கதை எங்கிருந்து வந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. விமானத்தின் அடி ஏறக்குறைய 30 மீட்டர் சதுரம். உயரம் நூலுக்கு நூல் மாறும். 216 அடி என்பது வழக்கு, 60 மீட்டரை ஒட்டிச் சொல்பவர்களும் உண்டு. 60 என்றே வைப்போம். உச்சி நடுவில் இருக்கிறது, அடியின் விளிம்பு 15 மீட்டர் தள்ளி. சூரியன் 76 பாகைக்கு மேல் ஏறியிருந்தால் உச்சியின் நிழல் அந்த 15 மீட்டருக்குள்ளேயே, விமானத்தின் மேலேயே விழுந்துவிடும். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10.8 பாகை. அங்கே மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நண்பகலில் சூரியன் 76 பாகையைத் தாண்டும். ஆக, ஆண்டில் பாதி நாள், உச்சிப்பொழுதில் மட்டும், கலசத்தின் நிழல் தரைக்கு வராது. 216 அடி என்று வைத்துப் போட்டாலும் சில நாள்தான் மாறும். டிசம்பர் கடைசியில் போனால் நண்பகலிலேயே சூரியன் 56 பாகைதான். 60 மீட்டர் உயரத்துக்கு நிழல் நடுப்புள்ளியிலிருந்து 40 மீட்டர் வடக்கே போகும், அடியைத் தாண்டி 25 மீட்டர் தரையில் கிடக்கும்.

இது கட்டியவர்களின் மாயம் இல்லை. அந்த அகலத்துக்கு அந்த உயரம் உள்ள எந்தக் கூம்பு வடிவமும் அந்த ஊரில் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

போதிகை

கணக்கருக்கு நன்றி. கூடவே இன்னொன்று: உச்சிச் சிகரம் எண்பது டன் ஒரே கல், சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி யானை இழுத்தது என்று அங்கே யாராவது ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு நகருங்கள். எண்பட்டைச் சிகரம் பல துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தியது. அதனால் வியப்பு குறைந்துவிடாது. தஞ்சைச் சமவெளியில் பாறையே கிடையாது, வண்டல்தான். கோயிலின் ஒவ்வொரு கருங்கல்லும் வெளியிலிருந்து வந்தது. அதைத்தான் வியக்க வேண்டும்.

சுற்றும் முறை இப்படி. முதலில் எதிர்ப்படும் வாசல் மராட்டியர் காலத்தது, அதைக் கடந்துவிடுங்கள். அடுத்தது ஐந்து நிலைக் கேரளாந்தகன் திருவாசல். அதற்கும் உள்ளே மூன்று நிலை ராசராசன் திருவாசல். எல்லோரும் அங்கே அண்ணாந்து வாயிற்காவலரைப் பார்ப்பார்கள். ஒரே கல்லில் செய்த பெரிய உருவம், பார்க்க வேண்டியதுதான். காவலரின் காலடிப் பக்கம் ஒரு பாம்பைத் தேடுங்கள்: அதன் வாய்க்குள் யானை. யானை அந்தப் பாம்புக்கு இரை என்றால், பாம்பு சுற்றியிருக்கும் கதாயுதம் எவ்வளவு, அதைப் பிடித்திருப்பவர் எவ்வளவு என்று சிற்பி அளவுகோல் காட்டுகிறார். பிறகு தரைக்குக் குனியுங்கள். அதே வாசலின் அடித்தளத்தில் கையகலப் பலகைகளாகக் கதைச் சிற்பங்கள்: மார்க்கண்டேயன், அர்ச்சுனன் பாசுபதம் பெறுவது, சிவன் கல்யாணம். காலைச் சாய்வு வெயிலில் மட்டும்தான் தெளியும். இதற்கே இருபது நிமிடம் வையுங்கள்.

உள்ளே நுழைந்ததும் நேராக விமானத்தின் அடிக்குப் போகாதீர்கள். கிட்டே போனால் மேல் நிலைகள் ஒன்றை ஒன்று மறைத்து எதுவும் தெரியாது. தென்மேற்கு மூலைக்கு நடந்து போய்த் திருச்சுற்று மாளிகை (மதிலை ஒட்டி ஓடும் தூண் மண்டபம்) ஓரம் நின்றால் இரண்டு முகமும் சேர்ந்து தெரியும். சிறிய பைனாகுலர் இருந்தால் நல்லது. நிலைகள் பதின்மூன்று என்பது வழக்கமான கணக்கு. மேலே சிகரத்தின் நான்கு மூலைகளிலும் இரண்டிரண்டாக எட்டு நந்தி இருக்கும், எண்ணிப் பாருங்கள். நிலைகளில் மூலையில் சதுரமாக இருப்பது கர்ணகூடம், நடுவில் வண்டிக்கூரை போல நீண்டிருப்பது சாலை, இரண்டுக்கும் இடையில் பஞ்சரம். இந்த மூன்று சொல்லும் தெரிந்தால் தமிழ்நாட்டில் எந்த விமானத்தையும் படித்துவிடலாம்.

அதன் பிறகு கிட்டே போங்கள். சுவரில் மாடங்கள் இரண்டு வரிசை. கீழ் வரிசையில் சிவனின் பல வடிவங்கள். மேல் வரிசையில் வில்லேந்திய திரிபுராந்தகர், மாடத்துக்கு மாடம் அவரே. முப்புரம் எரித்தவனை ஒரு போர்வேந்தன் இத்தனை முறை நிறுத்தியது தற்செயலாக இருக்காது.

மாமாங்கம்

ஒரே மதிலுக்குள் நாலு காலம் இருக்கு, அதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சாப் போதும், பாதி வேலை முடிஞ்சுது. விமானமும், பக்கத்துல இருக்கிற சண்டிகேசுவரர் கோயிலும், திருச்சுற்றும் சோழர். விமானம் முடிஞ்சு கலசத்துக்குச் செப்புக்குடம் குடுத்தது ராசராசனோட 25ஆவது ஆட்சியாண்டு 275ஆவது நாள், அதாவது 1010. அம்மன் கோயில் பாண்டியர், 13ஆம் நூற்றாண்டு. பெரிய நந்தியும் அதோட மண்டபமும் சுப்பிரமணியர் கோயிலும் நாயக்கர். பிள்ளையார் கோயில் மராட்டியர்.

போதிகை

மாமாங்கம் சொன்னதைப் பலகை பார்க்காமல் நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தூணின் தலையைப் பாருங்கள். தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையே இரண்டு பக்கமும் கை நீட்டியது போல ஒரு கல் இருக்கும், அதற்குப் பெயர் போதிகை. சோழர் போதிகை சாய்வாக வெட்டியது, நடுவில் பட்டையாக ஒரு துருத்தல், அலங்காரம் கிடையாது. காலம் போகப்போக அந்தத் துருத்தல் கீழே வளைந்து, பிதுங்கி, நாயக்கர் காலத்தில் தலைகீழாகத் தொங்கும் வாழைப்பூ மொட்டாகிவிடும். திருச்சுற்றில் ஒரு தூணைப் பார்த்துவிட்டு நேரே நந்தி மண்டபத்துக்குப் போய் ஒன்றைப் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

சுப்பிரமணியர் கோயிலை அவசரமாகக் கடக்க வேண்டாம். விமானத்தின் பிரம்மாண்டத்துக்குப் பிறகு அது பொம்மை போலத் தெரியும். கிட்டே போனால் கல்லை மரம்போலக் கடைந்திருப்பது தெரியும். சோழ சிற்பி சுவரில் வெற்றிடம் விடுவார். நாயக்கர் காலச் சிற்பி விட மாட்டார். எது பிடிக்கிறது என்பது உங்கள் பாடு. எனக்கு வெற்றிடம்தான்.

முதல்தடவை

சோழர் கால ஓவியங்கள் எங்கே? இணையத்தில் பார்த்த படங்கள் எல்லாம் அந்தக் கோயில் என்கிறார்கள், வரைபடத்தில் வழி காட்டவில்லை.

ஏட்டுச்சுவடி

வழி இல்லை. கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவர், நடுவில் இடுக்கான சுற்றுப்பாதை. ஓவியம் அந்தப் பாதைக்குள். பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. மேல்மட்டத்துச் சுற்றுப்பாதையில் பரத நாட்டியக் கரணச் சிற்பங்கள், அதாவது நடன நிலைகள். 108க்கு 81 செதுக்கி, மீதி 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அதுவும் மூடித்தான் இருக்கும். அர்ச்சகரிடமோ காவலரிடமோ கெஞ்சிப் பயன் இல்லை. மூச்சின் ஈரமும் விளக்குப் புகையும் சுண்ணப் பூச்சுக்கு எதிரி, மூடியிருப்பதே நல்லது.

இந்த ஓவியங்கள் 1931இல்தான் வெளி உலகுக்குத் தெரிந்தன. எஸ். கே. கோவிந்தசாமி என்ற ஆய்வாளர், மேலிருந்த நாயக்கர் ஓவியம் உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு ஓவியம் இருப்பதைக் கண்டார். பிறகு தொல்லியல் துறை மேலடுக்கைச் சேதமில்லாமல் உரித்தெடுத்து வேறு பலகையில் ஒட்டியது. வளாகத்துக்குள்ளேயே விளக்க மையம் இருக்கிறது, ஓவியங்களின் படங்களை அங்கே பார்க்கலாம். சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலை போகும் காட்சியைத் தேடுங்கள்.

திருச்சுற்றில் லிங்க வரிசைக்குப் பின்னால் சுவரில் தெரியும் ஓவியங்கள் பிற்காலத்தவை. அவற்றைச் சோழர் ஓவியம் என்று போட்டோ போடாதீர்கள், இங்கேயே யாராவது பிடித்துவிடுவார்கள்.

வார்ப்புமெழுகு

அடுத்து அரண்மனை. டிக்கெட் குழப்பத்துக்குக் காரணம், உள்ளே பல பகுதிகள் பல நிர்வாகங்களின் கையில் இருப்பது. கலைக்கூடம் ஒன்று, மராட்டிய தர்பார் பக்கம் ஒன்று, அரச குடும்பத்துப் பொருள்களின் காட்சியகம் ஒன்று, சரஸ்வதி மகால் வேறு. ஒரு டிக்கெட் இன்னொரு வாசலில் செல்லாது. கேமராவுக்கும் தனிச் சீட்டு கேட்பார்கள். எல்லாச் சீட்டையும் வெளியே வரும் வரை வைத்திருங்கள். வாசலில் நின்றவுடன் 'கலைக்கூடம் எது?' என்று கேட்டு அதற்கு முதலில் போங்கள், ஒரு மணிக்கு அது சாப்பாட்டு இடைவேளைக்குப் பூட்டிவிடும். பத்துக்குப் போனால் மூன்று மணி நேரம் கிடைக்கும்.

1951இல் தொடங்கிய கூடம், நாயக்கர் தர்பார் இருந்த கட்டடத்தில். வளைவுகளைப் பாருங்கள். கோயிலில் கல்லுக்கு மேல் கல், உத்தரம். இங்கே செங்கல், சுண்ணாம்பு, சுதை, வளைவு. ஒரே நாளில் இரண்டு கட்டுமான முறையையும் அடுத்தடுத்துப் பார்க்கிறீர்கள்.

திருமேனிகளில் திருவெண்காட்டு ரிஷபவாகனரை (காளையோடு நிற்கும் சிவன்) மட்டும் அரை மணி நேரம் பார்க்கலாம். 1011ஆம் ஆண்டு, பெரிய கோயில் முடிந்து அடுத்த ஆண்டே. பக்கத்துத் தேவி 1012. காளை இல்லை, காணாமல் போய்விட்டது. சடையைப் பாம்போடு சுற்றித் தலைப்பாகையாக முடிந்துகொண்டு, காலைக் குறுக்கே போட்டு, ஒரு கையை இல்லாத காளையின் மேல் சாய்த்தபடி நிற்கிறார். காளை இருந்தால் இந்த உடம்பின் எடை அதன் மேல் போயிருக்கும். இப்போது எடை முழுக்க இடுப்பில் தேங்கி நிற்பது தெரிகிறது. நேர் எதிரே நின்றால் இது புலப்படாது, அரைவட்டம் சுற்றி வாருங்கள்.

எல்லாத் திருமேனிக்கும் அதே விதி. முன்பக்கம் முதலில் வேண்டாம். முகம் பல நூறு ஆண்டு அபிஷேகத்தில் தேய்ந்திருக்கும், அல்லது பிற்காலத்தில் கண்ணை வெட்டித் திருத்தியிருப்பார்கள். பின்பக்கத்தில் கை படவில்லை. பின்தலையில் சிரச்சக்கரம், அதிலிருந்து தொங்கும் குஞ்சம், தோளில் புரளும் சடை, இவை வார்த்த அன்றைக்கு இருந்தபடியே இருக்கும். முற்காலத் திருமேனியில் தோள் வழுக்கிக்கொண்டு இறங்கும், உடம்பில் சதை இருக்கும். பிற்காலத்ததில் மூக்கு கூர்மை, முழங்கால் முட்டாக நிற்கும், நகை உடம்போடு ஒட்டாமல் மேலே ஒட்டவைத்தது போல இருக்கும். அட்டையை மறைத்துக்கொண்டு நூற்றாண்டை ஊகித்துப் பாருங்கள், பத்தாவது சிலையில் பிடிபடும்.

பீடத்தையும் விடாதீர்கள். ஓரத்தில் வளையம், துளை இருந்தால் தண்டு கோக்க. ஊர்வலத்துக்குப் போன உற்சவர். மேலே இரண்டு குமிழ் நீட்டியிருந்தால் பிரபாவளி, அதாவது சிலையைச் சுற்றி நிற்கும் வளைவு, செருக. தேவியின் வலக்கை விரல்கள் எதையோ பிடித்தது போல வளைந்து வெறுமையாக இருக்கும், உடைந்துபோனது என்று நினைக்க வேண்டாம். அது கடக முத்திரை. அன்றன்றைக்குப் பறித்த பூவை அதில் வைப்பார்கள்.

மாமாங்கம்

கல் சிற்பத்தை விட்டுட்டீங்களே. தாராசுரத்துக்குப் போக முடியலைன்னு வருத்தப்படுறவருக்குத் தாராசுரமே இங்க வந்து உட்கார்ந்திருக்கு. கஜசம்ஹார மூர்த்தி, யானைத்தோலை விரிச்சு அதுக்குள்ள சுழல்றார். பக்கத்துல பார்வதி பயத்துல விலகுறா. அப்புறம் பிச்சை எடுக்க வந்த சிவன், பிச்சாடனரைப் பார்த்து மயங்கி நிக்கிற தாருகாவனத்து முனிபத்தினிகள். ஒருத்தி புடவை நழுவுறதுகூடத் தெரியாம நிக்கிறா.

அங்கேயே ஒரு துவாரபாலகர் கொஞ்சம் ஒட்டாம நிப்பார். சோழ நாட்டு முகம் இல்லை, நகையும் வேற மாதிரி. சாளுக்கியர் தலைநகர் கல்யாணபுரத்தைச் சோழ மன்னன் ராசாதிராசன் எறிஞ்சப்போ, அதாவது தாக்கி அழிச்சப்போ, கொண்டுவந்தது. பீடத்துல தமிழ்லயே எழுதியிருக்கு, அவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்னு. புள்ளி இல்லாம எழுதியிருப்பாங்க, ஏட்டுச்சுவடி சொன்ன சாவியை இங்க போட்டுப் பாருங்க.

முதல்தடவை

'கனமாக', 'பொள்ளலாக' என்று வார்ப்புமெழுகு சொன்னார். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று எப்படித் தெரியும்? பஞ்சலோகம் என்று அட்டையில் போட்டிருந்தால் தங்கம் இருக்கிறதா?

வார்ப்புமெழுகு

பார்த்துச் சொல்வது கடினம். ஆனால் சோழர் திருமேனி பெரும்பாலும் கன வார்ப்பு, அதனால்தான் மூன்றடிச் சிலையைத் தூக்க நாலு பேர். செய்முறை தெரிந்தால் கண்ணுக்குக் கொஞ்சம் பிடிபடும்.

தேன்மெழுகோடு குங்கிலியத்தைச் சேர்த்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு உருக்கி இளக்கி, அதில் முழு உருவத்தையும் செய்வார்கள், விரல் நகம் வரை. குங்கிலியம் குறைந்தால் மெழுகு வெயிலில் குழையும், கூடினால் நொறுங்கும். மெழுகின் மேல் முதல் பூச்சு காவிரி வண்டல், மாவு போல நைசாக அரைத்தது. கைரேகை வரை படியும் மண் வேண்டும் என்பதால்தான் இந்தத் தொழில் ஆற்றங்கரையிலேயே நின்றது, இன்றைக்கும் சுவாமிமலை. நிழலில்தான் காய வைக்க வேண்டும், வெயிலில் வைத்தால் மெழுகு உள்ளே நெகிழ்ந்து மண் விரியும். அதன் மேல் மணல் கலந்த முரட்டு மண் இரண்டு மூன்று அடுக்கு, பெரிய உருவமென்றால் இரும்புக் கம்பிக் கட்டு. சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே வரும், அந்த வெற்றிடத்தில் உலோகம். ஆறியபின் அச்சை உடைத்தால் ஒன்றுதான் கிடைக்கும், அதே அச்சில் இரண்டாவது இல்லை.

கெடுவது எங்கே? அச்சுக்குள் ஈரம் மிஞ்சினால் ஆவி வெடித்துத் தெறிக்கும். மெழுகு முழுக்க வெளியேறாவிட்டால் மேற்பரப்பில் ஊசிக் குழிகள். காற்றுப்போக்கி சரியில்லாவிட்டால் உலோகம் விரல் நுனி, மழு, மான் போன்ற மெல்லிய முனைக்குப் போய்ச் சேராது. அங்கே தனியாக வார்த்து ஒட்டிய தடம் தெரியும். இவற்றைச் சிலையில் தேடலாம். முன்கை நுனிகளையும் பின்னங்கை ஆயுதங்களையும் பாருங்கள்.

தங்கம் பற்றி: உலோகத்தின் பெரும்பங்கு செம்பு. கூடவே ஈயம், வெள்ளீயம். தங்கமும் வெள்ளியும் இருந்தால் சடங்குக்குச் சேர்த்த துளி. பச்சையாக வழவழப்பாகப் படிந்திருந்தால் அது மண்ணுக்குள் புதைந்து கிடந்த காலத்தின் களிம்பு, கெடுதல் இல்லை. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் நோய். உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை உள்ளே அரிக்கிறது.

ஏட்டுச்சுவடி

போட்டோவுக்கு ஒரு குறிப்பு. ஃபிளாஷ் போடவே கூடாது, எங்கேயும். கண்ணாடிப் பெட்டியில் உங்கள் சட்டைதான் விழும். கறுப்பு அல்லது அடர்நிறச் சட்டை போட்டுக்கொண்டு, ஃபோன் லென்ஸைக் கண்ணாடிக்கு ஒரு அங்குலத்தில், சற்றுச் சாய்வாகப் பிடித்தால் பிரதிபலிப்பு போய்விடும். கோயிலில் சந்நிதிக்குள் படம் வேண்டாம்.

ஒரு மணிக்குக் கலைக்கூடத்தை விட்டால் சாப்பாடு, பிறகு சரஸ்வதி மகால், தர்பார். அரண்மனை வளாகத்துக் கோபுரங்கள் திறந்திருந்தால் ஏறிப் பாருங்கள், மூடியிருந்தால் வருந்த ஒன்றுமில்லை. அங்கே ஒரு திமிங்கல எலும்புக்கூடும் உண்டு. குழந்தைகளோடு வருபவர்களின் நேரத்தை முழுசாக அதுவே எடுத்துக்கொள்ளும்.

கணக்கர்

மூன்றரைக்கு வெளியே வந்துவிட்டால், கோயிலுக்குப் போகும் வழியில் சிவகங்கைப் பூங்கா பக்கம் சுவார்ட்ஸ் தேவாலயம். திறந்திருந்தால் உள்ளே ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குப் புடைப்புச் சிற்பம்: மரணப் படுக்கையில் பாதிரியார் சுவார்ட்ஸ், பக்கத்தில் சரபோஜி. பத்து நிமிடம். காலையில் பார்த்த கருங்கல்லும் மதியம் பார்த்த செம்பும் மனதில் இருக்கும்போது பளிங்கில் துணி மடிப்பை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கலாம்.

முதல்தடவை

மாலை கோயிலில் ஒன்றரை மணி நேரம் இருக்கும். காலையில் பார்க்காத எது?

போதிகை

திருமேனிப் பட்டியல் தவிர மற்ற கல்வெட்டுகள். விமானத்தின் அடித்தளத்தைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்: ஜகதி, அதற்கு மேல் உருண்டையாகக் குமுதம், மேலே யாளி வரிசை. உருண்டைக் குமுதத்தின் வளைவில்கூட எழுத்து ஓடும். வளைந்த கல்லில் வரி கோணாமல் வெட்டியிருப்பதைக் கவனியுங்கள். 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்' என்று தொடங்கி, கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்ன ராசராசனின் ஆணை இந்த அடித்தளத்தில்தான். அக்கன் என்பது குந்தவை. அரசன் பேச்சு நடையிலேயே நிற்கிறது, 'கொடுத்தன' இல்லை, 'குடுத்தன'. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்குப் பெயர் ஆடவல்லான்.

தென்மேற்குப் பக்கத் திருச்சுற்றுச் சுவரில் எழுத்து வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம். அது 1803இல் சரபோஜி வெட்டிவைத்த போன்சலே வம்ச வரலாறு, மராட்டியில்.

ஏட்டுச்சுவடி

அதையும் முடித்துவிட்டு நேரமிருந்தால் மதிலின் வடபுறம் வெளியே சுற்றிப் போங்கள். உள்ளே இருக்கும் கூட்டத்தில் ஒருவர்கூட அங்கே வருவதில்லை. அந்தச் சுவரில்தான் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பட்டியல். பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றிய ஆடல்மகளிர். ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்கு. பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், இங்கே எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எல்லாம் வரிசையாக இருக்கும்.

வெளிச்சம் மங்கியபின் போனாலும் பரவாயில்லை, அதுதான் நல்லதும்கூட. ஃபோன் டார்ச்சை எழுத்துக்கு நேரே அடிக்காமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே அடித்தால் கல் மட்டும் தெரியும். பக்கத்திலிருந்து அடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். 'தென்சிறகு', 'வீடு' என்ற இரண்டு சொல்லும் திரும்பத் திரும்ப வரும், அதிலிருந்து தொடங்குங்கள். 'வீடு' பிடிபட்டால் அதற்கு முன்னால் இருப்பது எண், பின்னால் சற்றுத் தள்ளி ஒரு பெண்ணின் பெயர்.